கொண்டைக்கடலை வாடல் நோய்: பூஞ்சை ஐசோலேட்டுகளை ஒப்பிடுவது எப்படி?

ஒரு ஊரில் வாடல் நோயைத் தாங்கி நின்ற கொண்டைக்கடலை இரகம், இன்னொரு ஊரில் கூட்டமாகக் காய்ந்துபோகலாம். இரண்டு இடத்திலும் காரணம் ஒரே பூஞ்சைதான்: ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம், அதிலும் கொண்டைக்கடலையைத் தாக்கும் சிசெரிஸ் வகை. ஆனால் அதற்குள்ளேயே 8 ரேஸ்கள், அதாவது எந்த இரகத்தை வீழ்த்தும் என்பதில் வேறுபடும் உட்பிரிவுகள், உண்டு. ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் இருக்கும் பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிறுவனமான இக்ரிசாட்டின் ஹவாரே, நெனே இருவரும் 1982-ல் இந்திய ஐசோலேட்டுகளில் (நோயுற்ற செடியில் இருந்து தனியே பிரித்து வளர்த்த பூஞ்சைகளில்) 4 ரேஸ்களைப் பிரித்துக் காட்டினார்கள். அந்த வேலையின் அடிப்படையை வேளாண் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்து பார்க்கலாம்.

படி 1: சரியான செடியை எடுங்கள்

முழுதாகக் காய்ந்த செடி வேண்டாம். அதில் வேறு பூஞ்சைகள் குடியேறியிருக்கும். இலை தொங்கத் தொடங்கிய செடியை வேரோடு பிடுங்கி, தண்டின் அடிப்பகுதியை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். வேர் வெளியே நன்றாக இருந்து, உள்ளே பழுப்பு அல்லது கறுப்புக் கோடு ஓடினால் அது வாடல் நோய். வேர் மொடமொடவென ஒடிந்து பட்டை உரிந்தால் அது வேரழுகல், அதை விட்டுவிடுங்கள். மாதிரியைக் காகித உறையில் போட்டு ஊர், இரகம், தேதி எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்துக் கெட்டுவிடும்.

படி 2: பூஞ்சையைப் பிரித்தெடுங்கள்

நிறம் மாறிய தண்டைச் சிறு துண்டுகளாக வெட்டி, 1% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம் முக்கி, கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலசி, ஒற்றியெடுத்து பி.டி.ஏ. (பூஞ்சை வளர்க்கும் உருளைக்கிழங்கு, டெக்ஸ்ட்ரோஸ், அகார் கலவை) தட்டில் வையுங்கள். ஒரு லிட்டர் பி.டி.ஏ.-வுக்கு உருளைக்கிழங்கு 200 கிராம், டெக்ஸ்ட்ரோஸ் 20 கிராம், அகார் 20 கிராம். 25 முதல் 28 டிகிரியில் சில நாளில் பஞ்சு போன்ற வெள்ளை வளர்ச்சி தெரியும். மைக்ராஸ்கோப்பில் அரிவாள் வடிவப் பெரிய ஸ்போர்களும் (பூஞ்சையின் விதை போன்றவை), முட்டை வடிவச் சிறிய ஸ்போர்களும் இருக்கின்றனவா பாருங்கள்.

படி 3: ஒற்றை ஸ்போரில் இருந்து வளருங்கள்

இதைத் தயவுசெய்து தாண்டாதீர்கள். ஒரே செடிக்குள் இரண்டு ஐசோலேட்டுகள் கலந்திருக்கலாம். அப்படிக் கலந்த கல்ச்சரை வைத்து எடுக்கும் எந்த அளவும் வீண். ஸ்போர் கரைசலை நன்றாக நீர்க்கச் செய்து வாட்டர் அகாரில் (சத்து எதுவும் சேர்க்காத அகாரில்) பரப்புங்கள். மறுநாள் முளைத்த ஒற்றை ஸ்போரை வெட்டி எடுத்துப் புதுத் தட்டுக்கு மாற்றுங்கள்.

படி 4: தட்டில் ஒப்பிடுங்கள்

வளர்ந்த பூஞ்சையில் இருந்து 5 மி.மீ. வட்டு வெட்டி, புதுத் தட்டின் நடுவில் வைத்து, ஏழாம் நாள் விட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்து சராசரி எடுங்கள். நிறத்தையும் வளர்ச்சியின் தன்மையையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் வேகமாக வளரும் ஐசோலேட்தான் கொடியது என்று நினைத்துவிடாதீர்கள். தட்டின் அளவை மட்டும் வைத்து ரேஸ் சொல்ல முடியாது.

படி 5: செடியிடம் கேளுங்கள்

உண்மையான வேறுபாடு இங்கேதான் தெரியும். கிருமி நீக்கிய மணலில் வளர்ந்த ஒரு வார நாற்றுகளைப் பிடுங்கி, வேரைக் கழுவி, நுனியை லேசாக வெட்டுங்கள். ஹீமோசைட்டோமீட்டரில் (மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணும் கட்டமிட்ட கண்ணாடித் தகட்டில்) எண்ணி, மில்லிலிட்டருக்கு 10 லட்சம் ஸ்போர் இருக்கும்படி தயாரித்த கரைசலில் சில நிமிடம் முக்கி நடுங்கள். அதே இரகத்தின் இன்னொரு பிரிவை வெறும் நீரில் முக்கி நட மறக்காதீர்கள்; அது இல்லாமல் முடிவுக்கு மதிப்பில்லை.

ஜேஜி 62, சி 104, ஜேஜி 74, பிஜி 212, அன்னிகேரி, டபிள்யூஆர் 315 போன்ற இரகங்கள் இதற்கு ஏற்றவை. வாடிய செடிகள் 20% வரை என்றால் எதிர்ப்பு, 21 முதல் 50% வரை நடுத்தரம், அதற்கு மேல் போனால் எளிதில் தாக்கப்படுவது. ஒவ்வொரு ஐசோலேட்டுக்கும் எந்தெந்த இரகம் சாய்ந்தது என்ற வரிசைதான் அதன் அடையாளம்.

ஜேஜி 62 சீக்கிரமே சாய்ந்துவிடும். கே 850 போன்றவை தாமதமாகத்தான் வாடும். அதனால் மூன்றாம் வாரத்தோடு பதிவை முடித்துவிடாதீர்கள். சில ரேஸ்கள் வாட்டாமல் மஞ்சளாக்கும். ஸ்பெயினிலும் கலிஃபோர்னியாவிலும் காணப்படும் ரேஸ் 0 அப்படிப்பட்டது, ஜேஜி 62-ஐக்கூட அது வீழ்த்தாது. வாடிய செடியில் இருந்து அதே பூஞ்சையை மறுபடி பிரித்தெடுத்தால்தான் அது செய்த வேலை என்று உறுதியாகும்.

அப்புறம் சோதனை முடிந்த மண், தொட்டி, செடி எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கலனில்) போட்டே வெளியே அனுப்புங்கள். கொண்டைக்கடலையே இல்லாத மண்ணிலும் இந்தப் பூஞ்சை 6 ஆண்டுகள் வரை உயிரோடு இருக்கும். வேறு மாவட்டத்து ரேஸை உங்கள் பண்ணை நிலத்தில் கொட்டிவிடக் கூடாது.