டாஷ்ஹண்ட் ரிங்கில் நடுவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீண்ட உடல், தாழ்ந்த கால், முன்னால் துருத்திய மார்பு. டாஷ்ஹண்ட் என்றதும் நினைவுக்கு வருபவை இவைதான். நாய்க் காட்சியின் போட்டிக் களமான ரிங்கில் நடுவர்கள் சறுக்குவதும் இவற்றில்தான். நீளம் நல்லதென்றால் இன்னும் நீளமானது இன்னும் நல்லது, தாழ்வு நல்லதென்றால் தரையை உரசுவது அதைவிட நல்லது என்று கண் பழகிவிடுகிறது. ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து, அங்கே வாழும் பேட்ஜர் என்ற விலங்கையும் நரியையும் எதிர்கொள்வதற்காக உருவாக்கிய வேட்டை நாய் இது. குறுகிய சுரங்கத்தில் மண்ணைப் பறித்துத் தள்ளி, மூச்சு முட்டாமல் குரைத்து, அடிபடாமல் வெளியே வரக்கூடிய உடல்தான் சரியான உடல். மேசையிலும் தரையிலும் எதைப் பார்த்தாலும் இந்த வேலையை மனதில் வைத்துப் பார்த்தால் பாதிப் பிழைகள் வராது.

கீழே உள்ளவை பெரும்பாலும் பிரிட்டிஷ் பிரீட் கிளப் ஷோக்களை, அதாவது ஓர் இனத்துக்கென்றே உள்ள சங்கங்கள் நடத்தும் காட்சிகளை வைத்துச் சொல்பவை. அங்கே டாஷ்ஹண்ட் கிளப் 1881-லேயே தொடங்கிவிட்டது. ஜெர்மனியின் டெக்கல் (டாஷ்ஹண்டின் ஜெர்மன் பெயர்) கிளப் 1888-இல் வந்தது. மற்ற நாட்டு விதிகள் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம்.

எந்த வரையறை என்று பார்க்காமல் ரிங்குக்குள் போவது

இனத்தின் உடலும் குணமும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வதுதான் வரையறை. பிரிட்டிஷ் வரையறைப்படி தோள் உச்சியின் உயரம், மார்பெலும்பு முனையிலிருந்து பின்தொடை வரையுள்ள நீளத்தில் பாதி. பல நாட்டு நாய்ச் சங்கங்களின் கூட்டமைப்பான எஃப்சிஐயின் 148-ஆம் எண் வரையறையோ உயரம் 1 என்றால் நீளம் 1.7 முதல் 1.8 வரை என்கிறது. வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒன்றில் அளவாகத் தெரியும் நாய் மற்றொன்றில் நீளம் கூடியதாகிவிடும். ஐரோப்பாவில் பயின்ற கண்ணோடு லண்டனுக்குப் போனாலும், அங்கிருந்து ஐரோப்பாவுக்கு வந்தாலும், கிளம்புவதற்கு முன் அந்த நாட்டு வரையறையை ஒருமுறை முழுதாகப் படிக்காமல் போகக் கூடாது.

வகைப் பிரிவும் இடத்துக்கு இடம் வேறு. பிரிட்டனில் எடையால் இரண்டு அளவு (ஸ்டாண்டர்டு, மினியேச்சர்), ரோமத்தால் மூன்று வகை (வழுவழுப்பான குட்டை ரோமமுள்ள வழுரோமம், நீள்ரோமம், கம்பிரோமம்), மொத்தம் ஆறு. எஃப்சிஐயில் மார்புச் சுற்றளவால் மூன்று அளவு, ஆக ஒன்பது. அமெரிக்காவில் ரோமத்தால் மட்டுமே மூன்று வகை. அங்கே 12 மாதம் நிரம்பி 11 பவுண்டும் அதற்குக் கீழும் இருப்பவை மினியேச்சர்.

எடைத்தட்டிலும் அளவுநாடாவிலும்

பிரிட்டிஷ் ரிங்கில் மினியேச்சரை எடை பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். இலட்சிய எடை 4.5 கிலோ, உச்சவரம்பு 5 கிலோ. எல்லையில் நிற்கும் நாய்க்கு 50 கிராம் கூட வாழ்வா சாவா பிரச்சினை என்பதால் எடைத்தட்டை நடுவரே சோதித்துக்கொள்வது நல்லது. புல்தரையில் நேரடியாக வைத்த தட்டு மெல்லச் சாய்ந்து தப்பாகக் காட்டும். அடியில் கெட்டிப் பலகை போட்டு மட்டம் பார்க்க வேண்டும். வழுக்காமலிருக்க விரிக்கும் ரப்பர் விரிப்பைப் போட்ட பிறகு பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கு முன் அல்ல. 5 கிலோ எடைக்கல் ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டால் சந்தேகமே இல்லை. நாய் ஏறியதும் கவனிக்க வேண்டியது கயிறு. நாயைப் பிடித்து நடத்தும் ஹேண்ட்லர் தெரியாமல் மேலே இழுத்துப் பிடித்தாலும் எடை குறையும். கயிறு தொய்ந்து, நான்கு காலும் தட்டில் ஊன்றி, முள் அசையாமல் நின்ற பிறகே எண்ணைப் படிக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு எடை பார்த்த பிறகு நடக்கிறது: இருப்பதிலேயே சிறியதற்குப் பரிசு போவது. 4.2 கிலோ நாயும் 4.9 கிலோ நாயும் வரம்புக்குள் இருப்பவைதான். அதன்பிறகு எலும்பின் கனமும் உடலமைப்பும் நடையும்தான் பேச வேண்டும். எடைக்காகப் பட்டினி போட்ட நாயைக் கண்டுபிடிப்பதும் நடுவர் வேலை. முதுகெலும்பின் முடிச்சுகள் விரலில் முட்டும், தொடைத் தசை தட்டையாக இருக்கும், விலாப்புறம் குழிந்திருக்கும். ஸ்டாண்டர்டு அளவில் எடை பார்க்கும் வழக்கம் இல்லாததால் அங்கே எதிர்ப்பக்கத் தவறு. வரையறை 9 முதல் 12 கிலோ என்றிருக்க, தோளில் மடிப்பு விழும் அளவு கொழுத்த நாய் ‘கம்பீரம்’ என்ற பெயரில் மேலே ஏறிவிடுகிறது. விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியக் கூடாது, ஆனால் விரலை வைத்தால் அழுத்தாமலே தட்டுப்பட வேண்டும்.

எஃப்சிஐ முறையில் மார்பை அளப்பவர்கள் நாடாவை முழங்கைக்குப் பின்னால், தோள் உச்சியையும் மார்பின் ஆழமான இடத்தையும் தொட்டுச் சுற்ற வேண்டும். 15 மாதம் ஆன பிறகு எடுக்கும் அளவே செல்லும். இப்போதைய வரையறையில் மினியேச்சர் ஆண் 32 செ.மீ.க்கு மேல் 37 வரை, பெண் 30-க்கு மேல் 35 வரை. நீள்ரோம நாயில் ரோமத்தின் மேலேயே நாடாவைச் சுற்றினால் அளவு கூடிவிடும். ரோமத்தை விலக்கி, நாடா தோலில் படிய அளக்க வேண்டும்.

மேசையில்: கண் சொல்வதைக் கை சரிபார்க்காமல் விடுவது

நாயை மேசையில் நிறுத்தியதும் உடனே கை வைக்கக் கூடாது. இரண்டு மூன்று அடி தள்ளி நின்று பக்கவாட்டுத் தோற்றத்தைப் பார்த்துவிட்டு, நாய் நம்மைப் பார்க்கும்படி முன்பக்கமாக வர வேண்டும். பின்னாலிருந்து திடீரென்று தொட்டால் நல்ல நாயும் சுருங்கும். அந்தச் சுருங்கலைக் குணக்குறை என்று எழுதினால் தவறு நடுவருடையது.

பல் பார்ப்பதில் அவசரம் அதிகம். முன்பற்கள் கத்தரி போல் மேல்வரிசை கீழ்வரிசையை ஒட்டி மூடுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நகர்கிறார்கள். உதட்டை இரு பக்கமும் விலக்கிக் கடைவாய்க்கு முந்தைய சிறு பற்களையும் பார்க்க வேண்டும். முழு வரிசை 42 பல்.

அடுத்தது முன்பகுதி. இந்த இனத்தில் தீர்ப்பு நிற்பதும் விழுவதும் இங்கேதான், அதனால் நேரத்தை இங்கே செலவிடுவது தகும். மார்பெலும்பு முன்னால் துருத்தி, அதன் இருபுறமும் குழி தெரிய வேண்டும். அதைக் கண்ணே சொல்லும். கண் சொல்லாதது அந்த எலும்பு எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்பது. உள்ளங்கையை மேலாக்கி முன்கால்களுக்கு நடுவே கொடுத்து, விரல் நுனியால் மார்பெலும்பைத் தடவிக்கொண்டே பின்னால் போங்கள். முழங்கையைத் தாண்டி நெடுந்தூரம் ஓடி, அடிவயிற்றோடு மெதுவாகச் சேர்ந்து உயர வேண்டும். சில நாய்களில் கால்களுக்குப் பின்னால் நான்கு விரல் தூரத்திலேயே எலும்பு சட்டென்று மேலேறிவிடும். பக்கவாட்டில் பார்த்தால் முன்மார்பு பிரமாதமாகத் தெரியும். கையில் மட்டும் வெற்றிடம். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இடம் தர வேண்டிய கூடு அங்கே முடிந்துபோய்விடுகிறது. முன்மார்பைக் கண்டு மயங்கி இதை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.

தோளைப் பார்க்கும் முறை: கட்டைவிரலைத் தோள்பட்டை எலும்பின் உச்சியிலும் நடுவிரலை அந்த எலும்பும் மேற்கை எலும்பும் சேரும் தோள்முனையிலும் வைத்து அந்த நீளத்தை மனதில் கொள்ளுங்கள். பிறகு தோள்முனையிலிருந்து முழங்கை வரை அதே நீளம் வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் சமமாகவும், இடையே ஏறக்குறைய 90 பாகைக் கோணமாகவும் இருந்தால், பக்கவாட்டில் பார்க்கையில் முன்கால் மார்பின் மிகத் தாழ்ந்த இடத்தை மறைத்து நிற்கும். மேற்கை எலும்பு குட்டையாகவோ செங்குத்தாகவோ இருந்தால் கால் முன்னால் தள்ளி நிற்கும், மார்பின் ஆழம் காலுக்குப் பின்னால் தொங்கும். இப்படிப்பட்ட நாய் நடக்கும்போது பாதத்தை உயரத் தூக்கும். பார்க்க மிடுக்காக இருப்பதால் கைதட்டலும் கிடைக்கும். எட்டி வைத்து நிலத்தைத் தழுவிப் போக வேண்டிய கால் காற்றில் வேலை செய்கிறது என்பதுதான் உண்மை.

மணிக்கட்டு முன்னால் மடங்கி நிற்பது உடலமைப்பின் பலவீனம். பாதம் மிகச் சிறிதளவு வெளியே திரும்பியிருப்பதைப் பிரிட்டிஷ் வரையறை ஏற்கிறது. முதலாவதை மன்னித்து இரண்டாவதைத் தண்டிக்கும் நடுவர்கள் வரையறையைத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

உடலின் நீளம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. விலாக்கூடு நீண்டு, இடுப்பு குட்டையாக, பலமாக இருக்க வேண்டும். கடைசி விலா எலும்பில் ஒரு கையையும் இடுப்பெலும்பின் முன்விளிம்பில் மறு கையையும் வைத்து நடுவே உள்ள தூரத்தைப் பாருங்கள். மொத்த நீளம் ஒன்றாகவே உள்ள இரண்டு நாய்களில், தாங்கலில்லாத இடுப்பால் நீண்டது கீழே போக வேண்டும்.

முதுகின் பலத்தைச் சோதிக்கிறேன் என்று மேலிருந்து அழுத்துவதைச் சிலர் இன்னும் செய்கிறார்கள். கட்டாயம் நிறுத்த வேண்டிய பழக்கம் இது. இந்த இனத்தின் குட்டைக்காலோடு தொடர்புடைய எஃப்ஜிஎஃப்4 மரபணுவின் கூடுதல் நகல்களில் 12-ஆம் குரோமோசோமில் இருப்பது, முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் உள்ள வட்டுகளை இளம் வயதிலேயே கெட்டிப்பட்டு நொறுங்கச் செய்கிறது. டாஷ்ஹண்டுகளில் ஏறக்குறைய நான்கைந்தில் ஒன்று வாழ்நாளில் வட்டு நோயின் அறிகுறியைக் காட்டுவதாகக் கணக்கிடுகிறார்கள். அழுத்திப் பார்த்து வட்டின் நிலையை அறியவே முடியாது. அதற்கு எக்ஸ்ரே வேண்டும். ரிங்கில் செய்யக்கூடியது, தோள் உச்சிக்குப் பின்னால் பள்ளமோ நடுவில் கூனலோ இல்லாமல் முதுகு நேராகப் போய் இடுப்பில் லேசாக வளைகிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது மட்டுமே. தூக்கி இறக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியிலும் மறு கை பின்பகுதிக்கு அடியிலும் இருக்க வேண்டும். ஹேண்ட்லர் அப்படிச் செய்யாவிட்டால் நடுவர் சொல்லத் தயங்கக் கூடாது.

கடைசியாக வாலை அடியிலிருந்து நுனி வரை விரலால் உருவிப் பாருங்கள். முறுக்கும் முடிச்சும் ரோமத்துக்குள் ஒளிந்திருக்கும். ஆண் நாயில் இரண்டு விதைகளும் இறங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பதை மறக்கக் கூடாது.

ரோமம் மறைப்பவை

கம்பிரோம வகையில் ஏமாற்றம் அதிகம். மென்ரோமத்தையும் கத்தரித்து, பொடி போட்டு, கரடுமுரடாகக் காட்ட முடியும். முதுகில் ரோமத்தை எதிர்த்திசையில் விலக்கிப் பாருங்கள்: மேலே குட்டையான, விறைப்பான ரோமமும் அடியில் மெத்தென்ற உள்ரோமமும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். விலக்கிய இடம் பஞ்சு போல் நின்றால் அது சரியான ரோமம் அல்ல. தாடியும் புருவமும் அழகாக இருப்பது இதற்கு ஈடாகாது. நீள்ரோமத்தில் கால்களின் பின்புறம் சாமரம்போல் தொங்கும் ரோமம் முழங்கை விலகியிருப்பதை மறைக்கும், அங்கே கையை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். மிகுந்த ரோமத்துக்குத் தனிப் பரிசு கிடையாது. வழுரோமத்தில் காது மடலிலும் அடிவயிற்றிலும் வழுக்கை விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

நிறத்தில் மிகக் குறைவான நேரமே செலவாக வேண்டும். எஃப்சிஐ விதியில் பழுப்புக் குறிகள் இல்லாத கறுப்பும், வெள்ளையும் தகுதிநீக்கம். புள்ளி நிற (டாப்பிள்) நாய்கள் இரண்டை இணைத்துப் பிறக்கும் இரட்டைப் புள்ளிக் குட்டிகளுக்குக் காது கேளாமையும் கண் குறைபாடும் வரும் வாய்ப்பு மிகுதி. அவற்றின் வெள்ளைத் திட்டுகளை அழகென்று எடுத்துக்கொண்டால் அந்த இனப்பெருக்கத்தையே ஊக்குவித்ததாகும்.

நடக்கவிட்டுப் பார்ப்பதில்

மேசையில் கண்டது பாதிதான். கடைசி முடிவு தரையில். புல் உயரமாக இருந்தால் பாதமும் மணிக்கட்டும் மறைந்துவிடும், ரிங் ஸ்டூவர்டிடம் சொல்லிப் புல் குட்டையான பகுதிக்கு மாற்றுங்கள். ஹேண்ட்லர்கள் வேகமாக ஓடினால் கோணல்கள் தெரியாமல் போகும், ஆகவே நிதானமான துள்ளுநடை போதும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். கழுத்தை மேலே தூக்கி இறுக்கிப் பிடித்த நாயின் முன்கால் தரையைச் சரியாகத் தொடாது. கயிற்றைத் தளர்த்தி இன்னொரு முறை நடக்கச் சொல்வதில் தவறே இல்லை.

நேராகப் போய்த் திரும்பும்போது குனிந்து பார்ப்பது நல்லது. நின்ற உயரத்திலிருந்து பார்த்தால் முதுகுதான் தெரியும். முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் கால்கள் இணையாக, தோள், இடுப்பு மூட்டுகளின் அகலத்துக்கு நகர வேண்டும். பக்கவாட்டில் பின்கால் நன்றாகத் தள்ளி, அடி நீண்டு, முதுகு அலையாமல் போக வேண்டும். நின்றால் சிலை போலவும் நடந்தால் தளர்ந்தும் இருக்கும் நாயை முதலிடத்துக்கு வைப்பவர்கள் மேசை நினைவிலேயே தங்கிவிடுகிறார்கள்.

வரிசைப்படுத்துவதிலும் எழுதுவதிலும்

குறைகளை எண்ணிக் கழிப்பது எளிது. ஒரு பல் குறைவு, கண் சற்று வெளிர் நிறம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினால், குறையும் இல்லாத நிறையும் இல்லாத நாய்தான் மிஞ்சும். முன்பகுதி, விலாக்கூடு, நடை மூன்றும் சரியாக உள்ள நாய்க்குச் சிறு குறைகளைப் பொறுக்கலாம். இந்த மூன்றில் தோற்றதைத் தலையழகு காப்பாற்றக் கூடாது.

சாலஞ்ச் சர்டிபிகேட் தரும் ஷோவில், அந்த நாய் சாம்பியன் பட்டத்துக்கே தகுதியானது என்று நடுவர் கையெழுத்திடுகிறார். மூன்று வெவ்வேறு நடுவர்களிடம் அதைப் பெற்றால் பட்டம். தகுதியான நாய் இல்லையென்றால் சான்றைத் தராமல் நிறுத்திவைக்க விதி இடம் தருகிறது. கிளப்காரர்கள் முகம் வாடும் என்று தயங்கிக் கையெழுத்திடுவது இனத்துக்குச் செய்யும் கெடுதல்.

விமர்சனக் குறிப்பில் ‘அழகான பெண் நாய், நன்றாக நடந்தது’ என்று எழுதினால் வளர்ப்பவருக்கு எதுவும் கிடைக்காது. ‘மேற்கை எலும்பு நல்ல நீளம், மார்பெலும்பு நெடுந்தூரம் பின்னால் போகிறது, இடுப்பு இன்னும் குட்டையாக இருந்திருக்கலாம்’ என்று எழுதினால் அடுத்த ஈற்றுக்கு எந்த ஆணைச் சேர்ப்பது என்று அவர் யோசிக்க முடியும். ஒவ்வொரு வகுப்பும் முடிந்ததும், அடுத்த வகுப்பு ரிங்குக்குள் வருவதற்கு முன்பே இதைக் குறித்துவிட வேண்டும். மாலையில் உட்கார்ந்து எழுதினால் சிவப்பு வழுரோம நாய்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும்.