பிபிஎல் தியரி: கேள்வி வங்கியை நம்பி மோசம் போகாதீர்கள்

பிபிஎல் (தனியார் விமானி உரிமம்) தியரிக்குப் படிக்க உட்காருகிறவர்கள் முதலில் செய்வது, எங்கிருந்தாவது ஒரு கேள்வி வங்கியைப் பிடித்து மாதிரித் தேர்வு போடுவதுதான். முதல் நாள் 50 மார்க், பத்தாவது நாள் 90 மார்க், அப்பாடா முடிந்தது என்று ஒரு நிம்மதி. உண்மையில் மனப்பாடம் ஆனது அந்தக் கேள்விகள் மட்டும்தான். "ஸ்டால் (இறக்கை தூக்குவிசையை இழப்பது) எதனால் வருகிறது" என்று பார்த்ததும் கை தானாக மூன்றாவது விடைக்குப் போகும். அதையே கொஞ்சம் திருப்பி, 60 டிகிரி சாய்வில் திரும்பும்போது ஸ்டால் வேகம் எவ்வளவு என்று கேட்டால் முழிப்போம். இறக்கை காற்றைச் சந்திக்கிற கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் ஸ்டால், அது எந்த வேகத்திலும் வரலாம். 60 டிகிரி சாய்வில் உயரம் இழக்காமல் திரும்ப இறக்கை இரண்டு மடங்கு எடையைச் சுமக்க வேண்டும், எனவே ஸ்டால் வேகம் 2-இன் வர்க்கமூலம், அதாவது 1.41 மடங்கு ஏறும். 50 நாட் (மணிக்கு இத்தனை நாட்டிகல் மைல்) இருந்தது 70 நாட் ஆகிவிடும். இந்த ஓட்டம் புரிந்துவிட்டால் கேள்வியை எப்படித் திருப்பிப் போட்டாலும் கவலையில்லை.

கேள்வி வங்கியே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாடத்தைப் படித்த பிறகு எடுங்கள், சரியான விடையைக் குறித்ததோடு நிறுத்தாமல் மற்ற மூன்றும் ஏன் தவறு என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கார்புரேட்டர் ஐசிங் (எஞ்சினுக்குக் காற்றையும் எரிபொருளையும் கலந்து தரும் பகுதியில் பனி பிடிப்பது) கேள்வியில் "கடுங்குளிர்" என்ற விடை ஏன் பொறி என்று இப்படித்தான் பிடிபடும்: ஈரப்பதம் அதிகமாக இருந்தால் வெளியே 20 டிகிரிக்கு மேல் இருக்கும்போதுகூட உள்ளே பனி பிடிக்கும்.

அடுத்தது ஆல்டிமீட்டர், காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கருவி. கணக்கு சின்னது, ஆனால் கூட்டுவதா கழிப்பதா என்பதில் பாதிப் பேர் கவிழ்வார்கள். க்யூஎன்எச் (கடல்மட்ட அளவுக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம்) 1005 இருக்கிற இடத்தில் நீங்கள் கருவியில் 1020 வைத்திருக்கிறீர்கள். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 30 அடி, 15-க்கு 450 அடி. சரி, கருவி கூடுதலாகக் காட்டுமா, குறைவாகவா? சூத்திரத்தைத் தேடாதீர்கள். குமிழைத் திருப்பி அழுத்த எண்ணைக் கூட்டினால் உயர முள்ளும் மேலே போகும், அவ்வளவுதான். கருவி 1500 என்று சொல்லும்போது நீங்கள் 1050 அடியில் இருக்கிறீர்கள்.

நேவிகேஷனில் ட்ரூ (புவியின் வடக்கை வைத்து அளப்பது), மேக்னடிக் (காந்த வடக்கை வைத்து அளப்பது) குழப்பம் எல்லோருக்கும் ஒருமுறையாவது வரும். மெட்டாரில் (விமான நிலைய வானிலை அறிக்கை) வருகிற காற்றுத் திசை ட்ரூ, டவர் சொல்வது மேக்னடிக், ரன்வே எண்ணும் பொதுவாக மேக்னடிக். ரன்வே 27 (அதாவது 270 டிகிரி), மெட்டாரில் 300 டிகிரி 20 நாட், வேரியேஷன் (இரண்டு வடக்குக்கும் உள்ள வித்தியாசம்) 10 மேற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் வித்தியாசம் 30 என்று எடுத்தால் குறுக்குக் காற்று 10 நாட். வேரியேஷனைச் சேர்த்தால் காற்று 310, வித்தியாசம் 40, விடை கிட்டத்தட்ட 13. தேர்வில் இரண்டு எண்ணும் விடைகளில் இருக்கும், அதுதான் வேடிக்கை.

வட்டக் கணிப்பானை (நேரம், தூரம், எரிபொருள் கணக்குப் போடும் சுழல் வட்டு) கடைசி வாரத்தில் கையில் எடுப்பது இன்னொரு தவறு. அதற்குத் தசமப் புள்ளி எங்கே வருகிறது என்று தெரியாது. 90 நாட் தரை வேகத்தில் 36 நாட்டிகல் மைல் போக எவ்வளவு நேரம் என்றால் வட்டு 24 என்று காட்டும், அதே கோடுதான் 2.4-க்கும் 240-க்கும். மணிக்கு 90 என்றால் பத்து நிமிடத்துக்கு 15 மைல், ஆக அரை மணிக்குள் முடியும் என்று முதலில் மனதில் ஒரு தோராயம் போட்டுவிட்டு அப்புறம் வட்டைத் திருப்புங்கள்.

யூனிட் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். லிட்டர், அமெரிக்க கேலன், இம்பீரியல் கேலன், கிலோ, பவுண்டு எல்லாம் கலந்து வரும். 1983-இல் கனடாவில் ஒரு போயிங் 767 எரிபொருள் தீர்ந்து கிம்லியில் கிளைடர் மாதிரி இறங்கியதற்கு, லிட்டரைக் கிலோவாக மாற்ற வேண்டிய இடத்தில் பவுண்டுக்கான எண்ணைப் போட்டதே முக்கியக் காரணம். அனுபவசாலிகளுக்கே அப்படி என்றால், தேர்வறைப் பதற்றத்தில் நாம் எம்மாத்திரம். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் யூனிட்டை எழுதுங்கள்.

மனித செயல்திறன் (விமானியின் உடல், மன வரம்புகள்) பாடத்தைப் பொது அறிவு என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. ஐரோப்பிய முறையில் 9 பாடம், ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 75 சதவீதம் வேண்டும், ஒன்றில் எடுத்த அதிக மார்க் இன்னொன்றைக் காப்பாற்றாது.

நாள் கணக்கையும் மறக்காதீர்கள். ஐரோப்பிய முறையில் முதல் தேர்வு எழுதிய மாதக் கடைசியிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாப் பாடத்தையும் முடிக்க வேண்டும். அமெரிக்காவில் தேர்ச்சி பெற்ற பின் அந்த முடிவு 24 மாதம்தான் செல்லும். ஆர்வத்தில் இரண்டு தாளை எழுதிவிட்டு மிச்சத்தை அப்படியே போட்டு வைத்தால், எழுதியதையும் திரும்ப எழுத வேண்டி வரும். இதுவரை கண்ணில் படாத கேள்விகளில் இரண்டு முறை தொடர்ந்து 85-க்கு மேல் வந்தால் தேதி வாங்குங்கள். பழகிய கேள்விகளில் வந்த 95 கணக்கில் சேராது.