முள் இறங்காத மேசை

சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஒரு மருத்துவமனையில், கதிரியக்க மருந்துகளைக் கையாளும் அணு மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தபோது நடந்தது. ஒரு சாயங்காலம் மேசையோரம் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டர், பின்னணி அளவைப்போல, அதாவது சுற்றுப்புறத்தில் எப்போதும் இருக்கும் கதிரைப்போல, மூன்று மடங்கு காட்டியது. ஸ்கேனுக்குக் கொடுக்கும் டெக்னீசியம்-99எம் தானே, அரை ஆயுள் (கதிர் பாதியாகக் குறையும் காலம்) 6 மணி நேரம், ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்காகிவிடும் என்று மூடிவைத்துவிட்டுப் போனோம். மறுநாள் பார்த்தால் முள் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறது. அப்போதுதான் உறைத்தது, இது தைராய்டு சிகிச்சைக்குக் கொடுக்கும் அயோடின்-131, அரை ஆயுள் 8 நாள்.

மீட்டர் கதிர் இருக்கிறது என்று சொல்லும், கையில் ஒட்டுமா என்று சொல்லாது. அதற்குத் துடைப்புச் சோதனைதான். வடிதாளால் 100 சதுர செ.மீ. இடத்தைத் துடைத்து, அந்தத் தாளில் எவ்வளவு கதிர் ஒட்டியிருக்கிறது என்று வேறு அறையில் கருவியால் எண்ணிப் பார்த்தேன். மேசை சுத்தம். இழுப்பறைக் கைப்பிடியின் அடிப்பக்கத்தில்தான் எண்ணிக்கை எகிறியது, மருந்து எடுத்த கையுறையோடு யாரோ இழுத்திருக்கிறார்கள். தினமும் அதைத் துடைக்கிற அக்காவை நினைத்ததும் வயிறு கலங்கிவிட்டது. முதலில் அவர் கைகளுக்கு மீட்டர் வைத்தோம், நல்லவேளை ஒன்றுமில்லை.

அப்புறம் சோப்புத் தண்ணீரில் நனைத்த தாளால், ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒவ்வொரு தடவையும் புதுத் தாள். மூன்றாவது சுற்றில் பின்னணி அளவுக்கு வந்தது. தாள்களைத் தேதி எழுதி ஈயப் பெட்டியில் 80 நாள், அதாவது பத்து அரை ஆயுள், வைத்தோம்.