கருத்தரிக்கும் நாட்களைக் கணக்கிடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழந்தைக்காக முயற்சி செய்யத் தொடங்கும் தம்பதியருக்குப் பெரும்பாலும் முதலில் சொல்லப்படுவது ‘பதினான்காம் நாள்’ கணக்குதான். அக்கா சொல்வார், தோழி சொல்வார், கைப்பேசிச் செயலியும் அந்த நாளையே வண்ணம் தீட்டிக் காட்டும். மாதவிடாய்ச் சுழற்சி சரியாக 28 நாள் உள்ள பெண்ணுக்கு இது ஏறத்தாழப் பொருந்தும், மற்றவர்களுக்குப் பொருந்தாது. 1920களில் ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஒகினோவும் ஆஸ்திரிய மருத்துவர் ஹெர்மன் கினாஸும் தனித்தனியே கண்டறிந்தது வேறு: கருமுட்டை வெளியாகும் நாளைக் கடந்த மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணக் கூடாது, வரப்போகும் மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். கருமுட்டை வெளியான பிறகு அடுத்த மாதவிடாய் வர ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும்; இந்த இடைவெளி ஒரே பெண்ணுக்கு மாதத்துக்கு மாதம் அதிகம் மாறுவதில்லை. நீள்வதும் சுருங்குவதும் பெரும்பாலும் அதற்கு முந்தைய பகுதி, அதாவது முட்டை முதிரும் காலம்.

இதன் விளைவு சாதாரணமானதன்று. சுழற்சி 35 நாள் உள்ள பெண்ணுக்குக் கருமுட்டை 21ஆம் நாளையொட்டி வெளியாகும். 24 நாள் சுழற்சி உள்ளவருக்கு 10ஆம் நாளையொட்டியே வெளியாகிவிடும். 35 நாள் சுழற்சிக்காரர் 12 முதல் 15ஆம் நாள் வரை தவறாமல் முயன்று, பிறகு ‘இந்த மாதம் முடிந்தது’ என்று விட்டுவிட்டால், அவருக்குக் கருத்தரிக்கும் வாய்ப்புள்ள 16 முதல் 21 வரையிலான நாட்கள் முழுவதும் அதன் பிறகுதான் வருகின்றன. உடலில் எந்தக் குறையும் இல்லாமல், கணக்கு ஒன்றினாலேயே பல மாதங்கள் இப்படிப் போய்விட முடியும்.

முதல் நாள் எது என்பதிலும் நம் வீடுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மருத்துவமனையில் ‘கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள்?’ என்று கேட்பது இன்றும் வழக்கம். சில வீடுகளில் மூன்றாம் நாள் தலைக்குக் குளிப்பார்கள், சிலவற்றில் ஐந்தாம் நாள், இப்போது பலர் முதல் நாளே. கேட்பவர் அறிய விரும்புவது இரத்தப்போக்கு தொடங்கிய தேதியை. பதிலாகக் கிடைப்பதோ குளித்த தேதி. ஜூன் 3ஆம் தேதி போக்கு தொடங்கி 6ஆம் தேதி தலைக்குக் குளித்த, 28 நாள் சுழற்சி உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குக் கருமுட்டை வெளியாகும் நாள் ஜூன் 16ஐ ஒட்டியது. குளித்த நாளை முதல் நாளாக வைத்து எண்ணினால் அது ஜூன் 19 என்று வரும். 18, 19, 20 ஆகிய மூன்று நாட்களையும் ஒதுக்கிவைத்து முயலும் தம்பதியர் மூன்றிலும் தாமதித்துவிட்டார்கள். ஆகவே, நன்றாகப் போக்கு தொடங்கும் நாளே முதல் நாள் என்று கொள்ள வேண்டும். முந்தைய நாள் மாலையில் துளியாகப் படும் கறையையும் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

அடுத்த தவறு, ‘அந்த ஒரு நாளுக்காக’ காத்திருப்பது. வெளியான கருமுட்டை 12 முதல் 24 மணி நேரம் வரைதான் உயிர்ப்புடன் இருக்கும். விந்தணுவோ, சூழல் சாதகமாக இருந்தால், பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை வாழும். எனவே முட்டை வரும்போது விந்தணு ஏற்கெனவே கருக்குழாயில் இருப்பதுதான் நல்லது. அமெரிக்காவின் வட கரோலினாவில் குழந்தைக்கு முயன்ற 221 பெண்களைத் தொடர்ந்து கவனித்து ஆலன் வில்காக்ஸும் அவருடைய குழுவினரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கரு உருவானதெல்லாம் கருமுட்டை வெளியான நாளோடு முடியும் ஆறு நாட்களுக்குள் நிகழ்ந்த உறவினால்தான். முட்டை வெளியான மறுநாளிலிருந்து நிகழ்ந்தவற்றால் எதுவும் இல்லை. ஐந்து நாள் முன்னதாக நிகழ்ந்த ஒற்றை உறவுக்குக்கூடப் பத்தில் ஒன்று என்ற அளவில் வாய்ப்பு இருந்தது. முட்டை வெளியான நாளில் அது ஏறத்தாழ மூன்றில் ஒன்றாக உயர்ந்தது. சிறந்த நாட்கள் முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய இரண்டு நாட்களும். ஆனால் அந்த நாளை முன்கூட்டியே துல்லியமாகச் சொல்ல யாராலும் இயலாது என்பதால், சற்று முன்னதாகவே தொடங்கிவிடுவதுதான் அறிவுடைமை.

கணவர் வெளியூரில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு இந்த ஆறு நாள் கணக்கு ஒருவகையில் ஆறுதல். சென்னையிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு வாரந்தோறும் தவறாமல் சனி, ஞாயிறு இரண்டு இரவும் வீட்டில் இருப்பவர் என்றால், தொடர்ச்சியான எந்த ஆறு நாளிலும் அவற்றில் ஒன்றாவது விழுந்தே தீரும். மாதம் ஒருமுறை வருபவருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அவர் விடுப்பைப் பண்டிகையைப் பார்த்து எடுக்காமல் மனைவியின் சுழற்சியைப் பார்த்து எடுப்பது நல்லது. புதுமணத் தம்பதியர் ஆடியில் பிரிந்திருந்த மாதத்தையும், சபரிமலைக்கு மாலை போட்டு விரதம் இருந்த மண்டலத்தையும் ‘முயன்றும் பலனில்லாத மாதங்கள்’ என்ற பட்டியலில் சேர்த்துக் கவலைப்படுவோர் உண்டு. அவை முயன்ற மாதங்களே அல்ல.

விந்துவைச் ‘சேமித்து’ வைக்க வேண்டும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. பத்து நாள் விலகியிருந்து ‘அந்த நாளில்’ சேர்ந்தால் பலன் கூடும் என்று கருதுகிறார்கள். நாள் கூடினால் எண்ணிக்கை கூடலாம். ஆனால் விலகியிருக்கும் காலம் நீளும்போது விந்தணுக்களின் இயக்கம் குறையத் தொடங்குகிறது. கருத்தரிக்கும் நாட்களில் தினமுமோ ஒரு நாள் விட்டு ஒரு நாளோ உறவு கொள்வது போதும். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நாள் பார்ப்பதே மன உளைச்சலாகிவிட்ட தம்பதியர், தேதியை மறந்துவிட்டுச் சுழற்சி முழுவதும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருப்பதும் மருத்துவ வழிகாட்டுதல்கள் ஏற்கும் முறையே. என் பார்வையில் பலருக்கும் இதுவே மேலானது. அட்டவணைப்படி நடக்கும் தாம்பத்தியம் எத்தனை வீடுகளில் மனக்கசப்பில் முடிகிறது என்பதை யாரும் எழுதிவைப்பதில்லை.

உடல் தரும் அடையாளங்களில் மிக எளியதைத்தான் நாம் நோயென்று நினைத்துக்கொள்கிறோம். முட்டை வெளியாவதற்குச் சில நாள் முன்பு கருப்பை வாயில் சுரக்கும் திரவம் முட்டையின் வெள்ளைக்கருபோலத் தெளிவாக, வழவழப்பாக மாறும். இரு விரல்களுக்கிடையே வைத்து இழுத்தால் அறுபடாமல் நீளும். விந்தணு நீந்தவும் ஐந்து நாள் உயிர்பிழைத்திருக்கவும் துணை செய்வது இந்தத் திரவம்தான். அதைப் பார்த்ததும் ‘வெள்ளைப்படுகிறது, உடம்பு சூடு’ என்று வெந்தயத்தை ஊறவைத்துக் குடிப்பவர்களும், உள்ளே தண்ணீரோ சோப்போ விட்டுக் கழுவுபவர்களும் இருக்கிறார்கள். வெந்தயத்தால் கேடில்லை, கழுவுவதால் உண்டு. அரிப்பு, துர்நாற்றம், தயிர்போலத் திரண்ட கசிவு ஆகியவை இருந்தால் அது தொற்று, மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவை எதுவும் இல்லாமல் மாதத்தில் சில நாள் மட்டும் வரும் தெளிந்த கசிவு, கருத்தரிக்கும் நாட்கள் தொடங்கிவிட்டன என்பதற்கான செய்தி. அந்த நாட்களில் உறவின்போது வழவழப்புக்காக எச்சிலையோ கடையில் வாங்கும் சாதாரண உயவுக் களிம்பையோ பயன்படுத்துவதைத் தவிர்க்கலாம். அவற்றில் பலவும் விந்தணுக்களின் ஓட்டத்தைக் குறைப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன.

மருந்துக் கடையில் விற்கும் ஓவுலேஷன் கிட், முட்டையை வெளிவரத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் சிறுநீரில் திடீரென உயர்வதைக் காட்டுகிறது. அந்த உயர்வு தொடங்கி 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளியாகும். கர்ப்பப் பரிசோதனைக்குப் பழகிய கண்களோடு இதைப் படிப்பதில்தான் பிழை நேர்கிறது. கர்ப்பப் பரிசோதனையில் மங்கலான கோடும் ‘ஆம்’ என்றே பொருள்படும். இங்கே மங்கலான கோட்டுக்குப் பொருளில்லை, ஏனெனில் எல்.எச். எல்லா நாட்களிலும் சிறிதளவு இருக்கவே செய்யும். சோதனைக் கோடு ஒப்பீட்டுக் கோட்டுக்கு இணையாகவோ அதைவிட அடர்த்தியாகவோ இருக்க வேண்டும். விடியற்காலையின் முதல் சிறுநீரே சிறந்தது என்பதும் கர்ப்பப் பரிசோதனையிலிருந்து வந்த பழக்கம். எல்.எச். உயர்வு பலருக்கு அதிகாலையில் தொடங்கிச் சில மணி நேரம் கழித்தே சிறுநீரில் தெரிவதால், முற்பகலிலோ மாலையிலோ, நாள்தோறும் ஒரே நேரத்தில், முந்தைய இரண்டு மணி நேரம் தண்ணீர் அதிகம் குடிக்காமல் பார்ப்பது நல்லது. கோடு அடர்ந்த அன்றே சேர வேண்டும். ‘நாளைக்குத்தானே முட்டை வரும்’ என்று தள்ளிப்போட வேண்டாம்.

பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு எல்.எச். அளவு பொதுவாகவே உயர்ந்திருக்கக்கூடும் என்பதால், முட்டை வெளியாகாத மாதத்திலும் கிட் அடர்ந்த கோட்டைக் காட்டலாம். முட்டை வெடிப்பதற்காக எச்.சி.ஜி. ஊசி போட்டுக்கொண்டவர்கள் ஊசிக்குப் பின் கிட்டை நம்பவே கூடாது. அந்த மருந்து உடலில் இருக்கும்வரை கர்ப்பப் பரிசோதனையும் பொய்யாக ‘ஆம்’ என்று சொல்லும்.

காலை எழுந்தவுடன் உடல் வெப்பநிலை பார்க்கும் முறையில் வேறொரு குழப்பம். முட்டை வெளியான பிறகு புரொஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சுரப்பதால் வெப்பநிலை 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது. உயர்வு தெரியும்போது வாய்ப்பான நாட்கள் கடந்துவிட்டிருக்கும். அன்று முயல்வதில் பயனில்லை. சில மாதங்கள் தொடர்ந்து குறித்துவந்தால் தனக்கு எத்தனையாம் நாளில் வெளியாகிறது என்பது பிடிபடும்; அதற்குத்தான் இந்த முறை உதவும். படுக்கையை விட்டு எழுந்து, காபி குடித்துவிட்டுப் பார்த்த அளவு எதற்கும் ஆகாது.

சுழற்சி ஒழுங்கற்றவர்கள் சராசரியை நம்புவதே பெரும் இடர். நான்கு மாதச் சுழற்சிகள் 26, 31, 28, 34 என்றிருந்தால் சராசரி 30 என்று சொல்லிச் செயலி ஒரு வாரத்தை மட்டும் வண்ணமிடும். பழைய நாட்காட்டி முறைப்படி, மிகக் குறுகிய சுழற்சியிலிருந்து 18ஐயும் மிக நீண்டதிலிருந்து 11ஐயும் கழித்தால் 8ஆம் நாள் முதல் 23ஆம் நாள் வரை வாய்ப்புள்ள காலமாகிறது. இத்தனை அகலமான காலத்துக்குத் தேதி பார்ப்பதில் பொருளில்லை. திரவத்தைக் கவனிப்பதும், கிட்டைச் சற்று முன்னதாகவே தொடங்குவதும், தேவையானால் மருத்துவர் சொல்லும், முட்டை வளர்வதைக் காட்டும் ஃபாலிக்கிள் ஸ்கேன் எடுப்பதும்தான் வழி. மாதாமாதம் இரத்தப்போக்கு வருகிறது என்பதாலேயே முட்டையும் வெளியாகிறது என்று உறுதி கொள்ளவும் முடியாது. முட்டை வெளியாகாமலும் போக்கு வரும். இதை உறுதிசெய்யும் புரொஜெஸ்டிரான் இரத்தப் பரிசோதனையை எல்லோரும் ‘21ஆம் நாள் டெஸ்ட்’ என்றே அழைப்பதால், 35 நாள் சுழற்சி உள்ளவரும் 21ஆம் நாளிலேயே போய் இரத்தம் கொடுத்துவிட்டு, அளவு குறைவு என்ற அறிக்கையோடு கலங்கி நிற்கிறார். அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்பு எடுக்க வேண்டிய பரிசோதனை அது. அவருக்கு 28ஆம் நாள்.

உறவுக்குப் பின் சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வது, இடுப்புக்குக் கீழே தலையணை அடுக்குவது போன்றவை தேவையற்றவை. திரவம் வெளியே வழிவது இயல்பு. போக வேண்டிய விந்தணுக்கள் சில நிமிடங்களிலேயே மேலே ஏறத் தொடங்கியிருக்கும். இரட்டைப்படை நாளில் சேர்ந்தால் ஆண், ஒற்றைப்படை நாளில் பெண் என்ற பழங்கணக்குக்கும் ஆதாரம் கிடையாது. மேலே சொன்ன 1995ஆம் ஆண்டு ஆய்வு இதையும் பார்த்தது. உறவின் நாளுக்கும் குழந்தையின் பாலினத்துக்கும் அதில் தொடர்பு தென்படவில்லை.

எல்லாக் கணக்கும் சரியாக இருந்தாலும், இளம் தம்பதியருக்கு ஒரு சுழற்சியில் கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான். ஆகவே இரண்டு மூன்று மாதத்தில் மனம் தளர வேண்டியதில்லை. அதே சமயம் நாள் பார்த்துக்கொண்டே ஆண்டுகளை விட்டுவிடவும் கூடாது. பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடமும், 35ஐத் தாண்டியவர் என்றால் ஆறு மாதமும் முயன்றும் பலனில்லாதபோது மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாதவிடாய் பல மாதம் வராமலிருப்பவர்களும், கடுமையான வயிற்றுவலியோடு வருபவர்களும், முன்பு இடுப்புப் பகுதியில் தொற்றோ அறுவை சிகிச்சையோ நடந்தவர்களும் அதுவரையும் காத்திருக்கத் தேவையில்லை. தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்வதை மட்டும் அந்தச் சந்திப்புவரை தள்ளிப்போடாமல் முயற்சி தொடங்கும்போதே ஆரம்பிக்க வேண்டும்.

அந்தச் சந்திப்புக்குக் கணவரும் போக வேண்டும். மனைவிக்கு ஸ்கேன் மேல் ஸ்கேனாக எடுத்து, கோயில் கோயிலாக அழைத்துச் சென்று, இரண்டு வருடம் கழித்துத்தான் கணவரின் விந்துப் பரிசோதனை நினைவுக்கு வருவது நம் குடும்பங்களில் இன்னும் நடக்கிறது. கருத்தரிப்புத் தாமதங்களில் கணிசமானவற்றில் ஆணின் பங்கும் இருக்கிறது. விந்துப் பரிசோதனை ஊசியோ வலியோ இல்லாதது, செலவும் குறைவு. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுத்தால் போதும். காய்ச்சல் வந்து போன சில வாரங்களில் கொடுத்தால் முடிவு தாழ்ந்து வரக்கூடும் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆவதால், குறைவாக வந்த முடிவை வைத்து முடிவுகட்டாமல் இடைவெளி விட்டு மறுமுறை பார்ப்பதே முறை.