வேதவாசிப்பை வாழ்நாள் பழக்கமாக்குவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கான செய்முறை

புத்தாண்டு ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும், இந்த வருஷம் வேதாகமம் முழுவதையும் வாசித்துவிட வேண்டும் என்று தீர்மானித்து ஆதியாகமத்தைத் திறப்பவர்கள் நம் சபைகளில் ஏராளம். 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று அதிகாரங்களுக்குச் சற்று மேல் என்று கணக்குப் போட்டால், ஜனவரி முடிவதற்குள் லேவியராகமத்தின் பலிகளுக்குள் நுழைந்திருப்போம். எந்தப் பலி எதற்கு என்று விளங்காமல் இரண்டு நாள் தவறும். விட்டுப்போன அதிகாரங்கள் கடன்போல ஏறும். பிறகு புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். நானும் தொடர்ந்து மூன்று வருஷங்கள் இதே இடத்தில் நின்றுபோனேன். விருப்பத்தில் குறைவில்லை, எடுத்துக்கொண்ட அளவுதான் தவறு என்பது பின்னால் விளங்கியது.

ஆகவே முதலில் நேரத்தையும் இடத்தையும் உறுதி செய்யுங்கள். காலைக் காப்பிக்கு முன்போ, இரவு குடும்ப ஜெபம் முடிந்த கையோடோ, தினமும் தவறாமல் நடக்கிற ஏதாவது ஒரு காரியத்தோடு வாசிப்பைச் சேர்த்துவிடுங்கள். பதினைந்து நிமிடம் போதும். பயணத்தில் கைபேசி உதவும். வீட்டிலோ அச்சிட்ட வேதாகமமும் ஒரு நோட்டும் பென்சிலும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

அடுத்து, மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். நான்கு சுவிசேஷங்களிலும் சிறியது, 16 அதிகாரங்களே. நாளுக்கு ஒரு சம்பவம், அல்லது அரை அதிகாரம். அது முடியும்வரை வேறு புத்தகத்துக்குத் தாவ வேண்டாம்.

மூன்றாவது படிதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்பது என் எண்ணம். வசனம் எனக்கு என்ன சொல்கிறது என்று கேட்பதற்கு முன், அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். மாற்கு முதலாம் அதிகாரத்தில் 21 முதல் 38 வரையுள்ள வசனங்களை இரண்டு முறை மெதுவாக வாசியுங்கள். கப்பர்நகூமில் "சூரியன் அஸ்தமித்தபோது" பிணியாளிகளைக் கொண்டுவந்தார்கள் என்று 32-ஆம் வசனம் சொல்கிறது. ஏன் அதுவரை காத்திருந்தார்கள்? 21-ஆம் வசனத்துக்குத் திரும்பினால் அன்று ஓய்வுநாள் என்று தெரிகிறது. ஓய்வுநாளில் சுமை எடுக்கக் கூடாது என்று எரேமியா 17:21 சொல்கிறது. ஓய்வைச் சாயங்காலம் தொடங்கி மறுநாள் சாயங்காலம்வரை ஆசரிக்கும்படி லேவியராகமம் 23:32 கட்டளையிடுகிறது. சூரியன் மறைந்தவுடன் பட்டணமே வாசலுக்கு வந்ததன் காரணம் இதுதான். இவ்வளவு நெருக்கடியான இரவுக்குப் பின்னும் இயேசு "அதிகாலையில், இருட்டோடே" எழுந்து ஜெபிக்கப் போனார் என்பதைப் படிக்கும்போது, பலமுறை கேட்ட அந்த 35-ஆம் வசனம் முற்றிலும் வேறு கனத்தோடு நம்மிடம் வருகிறது. தனி வசனமாக வாக்குத்தத்த அட்டையில் வாசித்திருந்தால் இது கிடைத்திருக்காது. இப்படிக் கண்ட ஒன்றையும், விளங்காத ஒன்றையும் நோட்டில் தேதியிட்டு இரண்டே வரிகளில் எழுதுங்கள். விளங்காததைப் போதகரிடமோ, வேதபாடக் கூட்டத்திலோ தயங்காமல் கேளுங்கள்.

நம் பழைய மொழிபெயர்ப்பின் தமிழை நான் மிகவும் நேசிக்கிறேன். மனப்பாடத்துக்கு அதற்கு இணையில்லை. ஆனாலும் சில சொற்களின் பொருள் இன்று நகர்ந்துவிட்டது. மத்தேயு 11:28-இல் "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே" என்று வாசிக்கும்போது துக்கப்படுகிறவர்களையே நினைக்கிறோம். வருத்தம் என்பதற்கு உழைப்பு, பிரயாசம் என்ற பொருளும் பழைய தமிழில் உண்டு. மூல கிரேக்கச் சொல்லும் பாடுபட்டு உழைத்துக் களைத்தவர்களையே குறிக்கிறது. நாள் முழுதும் வேலை செய்து அலுத்து வந்தவருக்கும் அந்த அழைப்பு உரியது என்பது எத்தனை பெரிய ஆறுதல்! இத்தகைய இடங்களில் 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் போன்ற இன்னொரு மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

ஒரு நாள் தவறினால், மறுநாள் இரட்டிப்பாக வாசிக்க முயலாமல், விட்ட இடத்திலிருந்து அன்றைய பகுதியை மட்டும் வாசியுங்கள். வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள் உள்ளன; நாளுக்கு ஒன்றாக வாரம் ஐந்து என்றால் சரியாக 52 வாரங்கள். காய்ச்சலுக்கும் பயணத்துக்கும் வாரத்தில் இரண்டு நாள் மீதியிருக்கும்.

மாற்கு முடிந்ததும் நான்கே அதிகாரங்கள் கொண்ட பிலிப்பியர், பிறகு ரூத், அவற்றோடு அவ்வப்போது ஒரு சங்கீதம். பிரதான ஆசாரியன் வருஷத்துக்கு ஒருமுறை மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனதைப் பற்றிப் பேசும் எபிரெயர் 9-ஆம் அதிகாரத்தை எட்டிய மறுநாள், லேவியராகமம் 16-ஐத் திறந்து, அந்த ஒரு நாளில் அவன் என்னென்ன செய்தான் என்று நோட்டில் வரிசையாக எழுதிப் பாருங்கள்.