மார்ட்டின் ரீல் மறுபடி சுற்றியது
என்னிடம் வந்த பழைய மார்ட்டின் தானியங்கி மீன்பிடி ரீல் நியூயார்க் மாநிலத்தின் மோஹாக் ஊரில் செய்தது. வந்தபோது அதில் ஒரு கோளாறு: லீவரை அழுத்தினால் நூல் முழுக்கச் சுற்றாமல் பாதியில் நின்றுவிடும்.

இந்த ரீலுக்குக் கைப்பிடியே கிடையாது. நூலை இழுக்கும்போது உள்ளே சுருள்வில் முறுக்கேறும். லீவரை அழுத்தினால் வில் விரிந்து நூலைத் தானே சுற்றும். இதை உருவாக்கிய ஹெர்மன் மார்ட்டின் கடிகாரக்காரர். உள்ளே பார்த்தால் அது புரியும்.

திறப்பதற்கு முன் முறுக்கை முழுக்க இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் வில் பாய்ந்து விரலைக் கிழித்துவிடும். அப்புறம் மூடியைக் கழற்றினேன். வில் நன்றாகவே இருந்தது. பழைய கிரீஸ்தான் பிசினாக இறுகி பல்சக்கரங்களைப் பிடித்திருந்தது. அவற்றை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டேன். அச்சுகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, வில்லுக்குக் கொஞ்சம் கிரீஸ், அவ்வளவுதான். வெளியே பாலிஷ் போடவில்லை. அந்தத் தேய்மானம் அப்படியே இருப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

இப்போது நூல் கடைசிவரை சுற்றுகிறது. அடுத்து, ராச்செஸ்டரில் யாமன் அண்ட் எர்ப் நிறுவனம் செய்த ரீலைத் தேடுகிறேன். கோடக் கேமராவை உருவாக்கிய ஈஸ்ட்மேனின் ஆரம்பகால ஃபிலிம் சுருள் கருவியைத் தயாரித்ததும் அவர்கள்தான்.