மாதம் பார்த்துப் பூ, பூ பார்த்து மேடை: நெல்லைப் பக்கத்துக் கல்யாணத்துக்கு

கல்யாண வீட்டுக்கு வரும் டெக்கரேஷன்காரர் முதலில் நீட்டுவது ஆல்பத்தைத்தான். ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்று சொல்லிவிட்டால், பாதிக் குப்பைக்கு அப்போதே அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. படத்தில் உள்ள ஜெர்பராவும் கார்னேஷனும் ஓசூர், ஊட்டிப் பக்கம் பசுமைக்குடிலுக்குள் வளர்ந்தவை. பல நூறு கிலோமீட்டர் ஐஸோடு பயணம் செய்துதான் இங்கே வரும். வந்த பூவை நிறுத்தப் பச்சை ஃபோம் கட்டி, பின்னால் மறைக்க சிந்தெடிக் துணி, இடைவெளி அடைக்க பிளாஸ்டிக் இலை என்று ஒன்று ஒன்றை இழுத்துவரும். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். முகூர்த்த மாதம் முடிவானதும், அந்த மாதத்தில் சங்கரன்கோவில் சந்தையிலும் தோவாளை சந்தையிலும் எது குவிகிறது என்று பாருங்கள். மேடையின் நிறத்தை அந்தக் குவியல் தீர்மானிக்கட்டும்.

எந்த மாதத்தில் எது

மல்லிக்குப் பனி ஆகாது. கார்த்திகை முதல் தை வரை வரத்து சுருங்கி, முகூர்த்த நாளில் கிலோ ஆயிரங்களில் போய் நிற்கும். தையில் கல்யாணம் என்றால் மல்லியைப் பெண்ணின் தலைக்கும் நெருங்கிய சொந்தத்துக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, மேடையைச் செவ்வந்தி, கேந்தி (செண்டுமல்லி), கோழிக்கொண்டை மூன்றிடமும் ஒப்படைத்துவிடலாம். செவ்வந்தி குறைந்த பகல் நாட்களில் பூப்பது. அதற்கு அதுதான் பருவம்.

மாசி, பங்குனியில் பிசான நெல் அறுவடை. தெரிந்த வயல்காரரிடம் சொல்லி நெற்கதிரை ஒன்றரை அடித் தாளோடு அறுத்து வாங்குங்கள். மணி பொன்னிறம் திரும்பி, கையால் உருவினால் உதிராத பதத்தில் இருக்க வேண்டும். பிடிபிடியாகக் கட்டி நிழலில் தலைகீழாக மூன்று நாள் தொங்கவிட்டால் மணவறைக் கால்களுக்கு அதைவிட அழகான கொத்து கிடையாது. முற்றிய கதிரைக் கட்டினால் தாலி கட்டும் நேரத்தில் மணி கொட்டும், எறும்பு வரும். கல்யாணம் முடிந்ததும் வீட்டு முற்றத்தில் தொங்கவிடுங்கள், குருவிக்கு ஆகும்.

சித்திரை, வைகாசி மல்லியின் காலம், தாராளமாகச் செலவழிக்கலாம். சரக்கொன்றையும் அப்போதுதான் பூத்துத் தொங்கும். ஆனால் பறித்த சில மணி நேரத்தில் இதழ் உதிர்க்கும் பூ அது, மாலைக்கு ஆகாது. சொந்தத் தோட்டத்தில் மரம் இருந்தால் காலையில் வெட்டி வாசல் பானையில் தண்ணீரோடு நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

ஆனியில் தென்காசிப் பக்கம் சாரல் தொடங்கிவிடும். மழை பட்ட மல்லி மொட்டில் ஒரு மணி நேரத்தில் பழுப்புப் புள்ளி விழும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றும் அந்த நாட்களில் சும்மா இருக்காது. திறந்த பந்தலில் தொங்கும் சரத்துக்கு மேல்முடிச்சு மட்டும் போதாது, கீழ்முனையையும் கட்ட வேண்டும். ஆனி முதல் ஐப்பசி வரை பிச்சியும் (ஜாதிமல்லி) முல்லையும் கைகொடுக்கும். அரளி வருஷம் முழுக்க உண்டு.

ஐப்பசி, கார்த்திகை என்றால் பூவே வராவிட்டாலும் மேடை நிற்கும்படி திட்டம் போடுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்து சாலையும் ரயிலும் நின்றுபோயின. அது மார்கழித் தொடக்கம். ஒரு வாரம் முந்தியிருந்தால் கார்த்திகை முகூர்த்தம் எத்தனை மாட்டியிருக்கும்! இந்த மாதங்களில் அலங்காரத்தின் உடம்பு இலையாக இருக்கட்டும்: தென்னங்குருத்து, மாவிலை, குலைவாழை, கமுகம்பாளை. பூ மேலே வைக்கும் பொட்டுதான்.

மேடைக்கு எவ்வளவு பூ

அதிகமாக வீணாவது மேடையின் பின்சுவர்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 அடி அகலம், 8 அடி உயரம். அரையடிக்கு ஒரு சரம் என்றால் 25 சரம், மொத்தம் 200 அடி. கேந்தியை நெருக்கமாகக் கோர்த்தால் அடிக்கு 12 பூ, ஆக 2,400 பூ. நடுத்தரக் கேந்தி கிலோவுக்கு 150 முதல் 200 வரை நிற்கும். அப்படியானால் 12 முதல் 16 கிலோ. அதே 200 அடியை ஒரு பூ, இரண்டு மாவிலை, நான்கு விரல் இடைவெளி என்று கோர்த்தால் அடிக்கு மூன்று பூ போதும், 3 முதல் 4 கிலோவில் முடிந்துவிடும். பார்வைக்கும் இதுதான் நயம். சுவர் முழுக்க அடைத்த மஞ்சள், போட்டோவில் மணமக்களைத்தான் விழுங்கும்.

மிச்சமாகும் பூவை மூன்று இடத்தில் அள்ளிக் கொட்டுங்கள்: மணவறைக் கால்கள், வாசல், பெண்ணின் தலை. கண்ணும் மூக்கும் நிற்பது அங்கேதான். சாப்பாட்டுக்கூடத்துக்குப் பூவே தேவையில்லை, சாம்பார் வாசத்தோடு போட்டி போட்டு எந்தப் பிச்சியும் ஜெயித்ததில்லை.

ஃபோம் கட்டி மக்காது. நொறுங்கினால் தூளாகி மண்ணிலும் தண்ணீரிலும் கலந்துவிடும். அதற்குப் பதில் நம் ஊரில் வாழைத்தண்டு இருக்கிறது. குலை வெட்டிய மரத்தை ஓரடித் துண்டுகளாக அறுத்து மண்தட்டில் நிறுத்தி, தென்னை ஈர்க்கில் பூவைச் செருகிக் குத்தினால், தண்டில் உள்ள ஈரமே ஒரு நாள் முழுக்கப் பூவைத் தாங்கும். கவனிக்க வேண்டியது கறை. வெட்டிய தண்டிலிருந்து வடியும் வாழைக்கறை பட்டில் பட்டால் போகாது. முந்தின நாள் சாயங்காலமே வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி சாய்த்து, இரவெல்லாம் வடியவிடுங்கள். பெண்கள் உரசிப் போகும் வழியில் வைக்கவே வேண்டாம்.

தாமரை வாசல் உருளிக்கு. பறித்த தாமரை தானாக நன்றாக விரியாது; இதழை ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் மடித்து விட வேண்டும், ஒரு பூவுக்கு இரண்டு நிமிஷம் ஆகும். முந்தின இரவே மடித்தால் ஓரம் கருக்கும், விடிகாலையில் செய்யுங்கள்.

மணவறைத் தரைக்குச் சிவப்பு சிந்தெடிக் கம்பளம் வேண்டாம், பத்தமடைப் பாய் விரியுங்கள். மணமக்கள் பெயர் நெய்த பாய் வேண்டுமானால் குறைந்தது இரண்டு மாதம் முன்னால் சொல்லிவைக்க வேண்டும். பாய் நெய்த கோரை தீப்பொறி பட்டால் எளிதில் பற்றும். ஓமகுண்டத்தைச் சுற்றி மூன்றடிக்குப் பாய் வராமல், செங்கல்லும் மணலும் போட்ட தரையாக விடுங்கள்.

தலைக்கும் கழுத்துக்கும்

இங்கேதான் அதிகம் தப்பு நடக்கிறது, காரணம் கடிகாரம். குண்டுமல்லியை விடிகாலையில் மொட்டாகப் பறிப்பார்கள். அன்று இரவே அது விரிந்துவிடும். வரவேற்பு சாயங்காலம் என்றால் அன்றைக்குப் பறித்த மொட்டு சரியாக வந்து சேரும். முகூர்த்தம் காலை 6 மணி, 7 மணி என்றால், முந்தின நாள் பறித்த பூ தாலி கட்டும்போது துவண்டிருக்கும். அன்றைக்குப் பறித்ததைக் கட்டி முடிக்க நேரம் இராது. வழி இதுதான்: முந்தின நாள் காலை மொட்டை மதியத்துக்குள் கட்டி முடித்து, வாழையிலையில் பொதிந்து, மேலே நனைத்துப் பிழிந்த வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் மொட்டு கண்ணாடிபோல் ஆகி, வெளியே எடுத்ததும் கறுத்துவிடும். அதிகமாக இருந்தால் அண்டாவின் அடியில் ஐஸ், அதன் மேல் வாழைமட்டை, மட்டையின் மேல் பூப்பொதி. ஐஸ் தண்ணீர் பூவில் படக்கூடாது. பாலிதீன் பையில் அடைத்தால் பூ தன் சூட்டிலேயே வெந்துபோகும். வாடுகிறதே என்று தண்ணீர் தெளிப்பதும் பழுப்புக்குத்தான் வழி.

இன்னொன்றை மண்டபங்களில் யாரும் கவனிப்பதில்லை. தாம்பூலத்துக்கான பழத்தாரும் பூவும் ஒரே ஸ்டோர் ரூமில் கிடக்கும். பழுக்கும் வாழைப்பழம் எத்திலீன் வாயுவை விடும், அது பூவைச் சீக்கிரம் முதிர்த்துவிடும். இரண்டுக்கும் தனி அறை கேளுங்கள்.

சந்தேகத்துக்குக் கனகாம்பரத்தைச் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். வாசம் இல்லை என்ற குறை தவிர, இரண்டு நாள் வாடாது.

வரும் பெண்களுக்குக் கொடுக்கும் சரத்துக்கு, பூக்கட்டும் அக்காவிடம் ஒரு முழம் கட்டச் சொல்லி நிறுத்துப் பாருங்கள். அவர்கள் கை நெருக்கம் ஆளுக்கு ஆள் மாறும். ஊருக்குப் பொதுவாகக் கிலோவுக்கு இத்தனை முழம் என்று சொல்வது ஏமாற்றும். 250 பெண்கள், ஆளுக்கு முக்கால் முழம் என்றால் சுமார் 190 முழம். முன்கூட்டியே துண்டு போடாமல் வாசல் தட்டில் சரத்தோடு ஒருவரை உட்காரவைத்து, கேட்கக் கேட்க நறுக்கிக் கொடுங்கள். வெட்டிக் குவித்தால் மிச்சம் குப்பைக்குத்தான் போகும்.

மாலைக்கு ஆர்டர் சொல்லும்போது நான்கு வார்த்தை தெளிவாகச் சொல்ல வேண்டும்: வாழைநார், ஜரிகை வேண்டாம், பிளாஸ்டிக் மணி வேண்டாம், சாயத்தில் நனைத்த பூ வேண்டாம். நீலமும் கிளிப்பச்சையுமாக வரும் சம்பங்கி சாயத்தில் முக்கியது. வியர்வை பட்டால் வேட்டியில் இறங்கும். நாரை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால்தான் முறியாது. ஜரிகை மினுக்கம் வேண்டியதுதான் என்பவர்களுக்குத் தோவாளை மாணிக்கமாலை இருக்கிறது: வெள்ளரளி, செவ்வரளி, நொச்சி இலை மூன்றையும் மடித்து மடித்துப் பாய்போலக் கட்டுவது, 2025-இல் புவிசார் குறியீடு பெற்றது. கட்டுகிறவர்கள் குறைவு, ஒரு மாதம் முன்னால் சொல்லுங்கள். மாலை இரண்டு கிலோவைத் தாண்டினால் ஒரு மணி நேரச் சடங்கில் பெண்ணுக்குக் கழுத்து வலிக்கும், அது போட்டோவிலும் தெரியும். காலைக்கு ஒரு ஜோடி, சாயங்காலத்துக்கு ஒரு ஜோடி, குலதெய்வத்துக்கு ஒன்று, அப்புறம் பெற்றோருக்கு, போதும். அதற்கு மேல் வரும் ஆளுயர மாலையெல்லாம் மேடையில் ஏறி இரண்டு நிமிஷத்தில் கீழே இறங்குவது. அழைப்பிதழிலேயே "மாலை, பொக்கே தவிர்க்கவும்" என்று ஒரு வரி போட்டுவிடலாம்.

பந்தியும் தாம்பூலமும்

இலைக்கு நாம் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை. மேசை விரிப்புதான் கெடுக்கும். சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் ஷீட், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தெர்மாகோல் தட்டு எல்லாமே 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைப்பட்டியலில் உள்ளவை. சமையல் காண்டிராக்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குடிதண்ணீர் 500 பேருக்கு ஆளுக்கு 600 மில்லி என்றால் 300 லிட்டர். 20 லிட்டர் கேன் 15. வெயில் மாதத்தில் 25 வாங்கி வையுங்கள். சின்ன பாட்டில் என்று போனால் ஆயிரம் பாட்டில், பாதி குடித்து பாதி கிடக்கும். வாடகைக்கு 300 எவர்சில்வர் டம்ளர், கழுவ மூன்று ஆள் போதும். ஆள் போடாமல் டம்ளர் மட்டும் எடுத்தால் இரண்டாவது பந்தியில் யாராவது பேப்பர் கப் வாங்க ஓடுவார்கள். வாசலில் காருகுறிச்சி மண்பானை வைப்பதானால் இரண்டு நாள் முன்னால் தண்ணீர் ஊற்றிப் பழக்குங்கள், புதுப்பானையில் மண்வாடை அடிக்கும்.

சித்திரை, வைகாசியில் காலையில் வருகிறவர்களை வரவேற்க நுங்கும் பதநீரும் கொடுக்கலாம். பதநீர் காலை 9 மணிக்குள் தீர வேண்டும், வெயில் ஏறினால் புளிக்கத் தொடங்கும்.

தாம்பூலத்துக்கு மஞ்சப்பை, அல்லது பனையோலைக் கொட்டான். எண்ணிக்கையைத் தலைக்குப் போடாமல் குடும்பத்துக்குப் போடுங்கள். கொட்டான் கையால் முடைவது, 300 வேண்டுமானால் மூன்று மாதம் முன்னால் சொல்ல வேண்டும். வந்ததும் ஒரு நாள் வெயில் காட்டி, துணி மூட்டையில் வையுங்கள். பாலிதீனில் கட்டினால் பூஞ்சை பிடித்துக் கறுப்புப் புள்ளியோடுதான் வெளியே வரும்.

மறுநாள்

மண்டபத்தில் அடுத்த பார்ட்டி காத்திருக்கும். பிரிக்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். நம் ஆள் இரண்டு பேர், சணல் சாக்கு நான்கு, முன்னரே பேசிவைக்க வேண்டும். கேந்தி, செவ்வந்தி ஒரு சாக்கு. இலை, குருத்தோலை ஒன்று. மல்லி, பிச்சி, நாரோடு ஒன்று. அரளி தனியாக ஒன்று. கேந்தி இதழை நிழலில் காயவைத்தால், படிகாரம் போட்ட தண்ணீரில் பருத்தித் துணிக்கு மஞ்சள் சாயம் ஏற்றலாம். அரளி தவிர மற்றதைக் குழியில் ஒரு பங்கு பூவுக்கு இரண்டு பங்கு சருகு என்று அடுக்கி, சாணிக் கரைசல் தெளித்து, வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு மாதத்தில் உரம். சருகு குறைந்தால் நாறும். மாலையைத் தாமிரபரணியில் விடும் பழக்கத்தை இந்தக் கல்யாணத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நார் கட்டிய மாலை படித்துறையில்தான் ஒதுங்குகிறது.

குலைவாழையின் இலையும் எச்சில் படாத மிச்ச இலைகளும் மாட்டுக்குப் போகலாம். அரளி மட்டும் எந்த நிலையிலும் கூடாது: இலை, பூ, வாடியது, காய்ந்தது எல்லாமே ஆட்டுக்கும் மாட்டுக்கும் விஷம். கல்யாண வீட்டு மாலையை ஆசையாகத் தொழுவத்தில் போட்டுவிடுவார்கள் என்பதால், அந்தச் சாக்கின் வாயை அங்கேயே தைத்து, ஆடு மாடு எட்டாத குழியில் போட்டு மூடிவிட்டுத்தான் மண்டபச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.